உங்களுக்குத் தெரியுமா? காவிரிக்கரையில் நைட்ரஜன்

திருச்சி மலைக்கோட்டை உச்சியில் நின்று மூச்சை இழுத்தால் உள்ளே போகும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அதில் எதுவும் உடம்புக்கு உதவாது. வந்த வழியே போய்விடும். நமக்கு வேண்டிய நைட்ரஜன் சோறு, பருப்பு, பால் வழியாகத்தான் வந்து சேர்கிறது.

நெல்லாலும் வாழையாலும்கூடக் காற்றிலிருந்து அதை நேராக எடுக்க முடியாது. மின்னல் கொஞ்சம் பிடித்துக் கொடுக்கும். இயற்கையில் மீதியைச் செய்பவை நுண்ணுயிர்கள். வயல் தண்ணீரில் படரும் நீலப்பச்சைப் பாசி அவற்றில் ஒன்று. இந்த இனத்தின் கடல் வகைகளைச் சேர்த்து வளர்க்கும் தேசிய மையம், கடலே இல்லாத திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது.

தக்கைப்பூண்டு வேரில் உள்ள முடிச்சைக் கிள்ளிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான புரதம் தரும் நிறம் அது. நிறம் இருந்தால் முடிச்சுக்குள் பாக்டீரியா நைட்ரஜனைப் பிடிக்கிறது என்று பொருள். பூக்கும் தறுவாயில் செடியை மடக்கி உழுதால் அந்தச் சத்து அடுத்த நெல்லுக்கு.

அறுவடைக்குப் பின் வயலில் ஆட்டுக்கிடை போடுவதும் இதே கணக்கில்தான். புழுக்கையைவிட மூத்திரத்தில் உள்ள நைட்ரஜன் பயிருக்குச் சீக்கிரம் கிடைக்கும்.

மனிதருக்கும் அப்படியே. உண்ட நைட்ரஜனில் பெரும்பங்கு சிறுநீரில் யூரியாவாக வெளியேறுகிறது. மூட்டையில் வரும் யூரியாவும் அதே மூலக்கூறுதான். இதை நம்பிக் காரியத்தில் இறங்கிய ஊர், ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே காவிரி வடகரையில் இருக்கும் முசிறி. 'ஸ்கோப்' தொண்டு நிறுவனம் அங்கே சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே சேர்க்கும் சூழல் கழிப்பறைகளைக் கட்டியது. பொதுக் கழிப்பறைக்கு வந்தவர்களிடம் காசு வாங்கவில்லை, அவர்களுக்குக் காசு கொடுத்தார்கள்! சேர்ந்த சிறுநீரை வாழைக்கு உரமாக இட்டுச் சோதித்தார்கள். அதன் நிறுவனர் சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாதாளச் சாக்கடைக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு நகராட்சியும் முசிறிக்கு ஒரு முறை போய்வர வேண்டும்.

வயலில் இடும் யூரியா முழுவதும் பயிருக்குப் போவதில்லை. ஒரு பங்கு அம்மோனியாவாகப் பறக்கும். ஒரு பங்கு நைட்ரேட்டாகக் கிணற்றுக்கு இறங்கும். காற்றுப்படாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் இன்னொரு பங்கை மறுபடி நைட்ரஜன் வாயுவாக்கி வானத்துக்கே அனுப்பிவிடும். இந்த இழப்பைக் குறைக்க யூரியாவுக்கு வேப்பெண்ணெய்ப் பூச்சு 2015இல் கட்டாயமானது.

நெல் போடுபவரா நீங்கள்? மேலுரம் இடும் முன் இலை வண்ண அட்டையை இலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பச்சை போதுமென்றால் மூட்டையைப் பிரிக்க வேண்டாம்.