உங்களுக்குத் தெரியுமா? லாரிப் புகைக்கு யூரியா

டீசல் எஞ்சினுக்குள் உஷ்ணம் உச்சத்தை எட்டும்பொழுது, சாதாரணமாக ஒன்றையொன்று தீண்டாதிருக்கும் காற்றின் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூடி, சுவாசப்பைகளுக்குத் தீங்கு செய்யும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளாக மாறுகின்றன. உஷ்ணத்தைத் தணித்தால் அவை குறையும். ஆனால் கரிப்புகை பெருகும். இந்தச் சங்கடத்தைத் தீர்க்கவே, 32.5 சதவீதம் யூரியாவும் மீதி மிகத் தூய நீருமாய்ச் சேர்ந்த திரவத்தை, நீல மூடியிட்ட தனித் தொட்டியில் நிரப்பி, புகைக்குழாயினுள் நுண்ணிய தூறலாய்த் தெளிக்கிறார்கள். அது சூட்டில் அம்மோனியாவைத் தோற்றுவிக்க, அந்த அம்மோனியா கிரியா ஊக்கியின் பரப்பில் ஆக்ஸைடுகளைச் சந்தித்து, நிரபாயமான நைட்ரஜனாகவும் நீராவியாகவும் அவற்றை மாற்றிவிடுகிறது. அந்த விகிதமும் காரணமின்றி அமைந்ததன்று. யூரியாக் கரைசல் உறையாமல் மிகக் குறைந்த உஷ்ணநிலைவரை, அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 11 டிகிரி செல்சியஸ் வரை, தாக்குப்பிடிப்பது அவ்விகிதத்தில்தான். 2020 ஏப்ரலில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் அமலானதிலிருந்து நம் நெடுஞ்சாலை லாரிகளில் இம்முறை பரவலாகிவிட்டது. மூடியைச் சுற்றிப் பூத்திருக்கும் வெண்படிகம், சிந்திய திரவம் உலர்ந்த யூரியாவே. எனினும், சிக்கனம் கருதி வயலுக்கிடும் யூரியாவைக் கரைத்து ஊற்றலாகாது. அதிலுள்ள அசுத்தங்கள் விலையுயர்ந்த கிரியா ஊக்கியைப் பாழாக்கிவிடும்.