சந்தைப்படுத்தலும் ஊடகத் தொடர்பாடலும்: ஒரு பல்கலைக்கழகக் கற்கைநெறியின் சமூக அடித்தளம்

1

பல்கலைக்கழகங்களிலே இன்று மாணவரைப் பெரிதும் ஈர்த்துவரும் கற்கைநெறிகளுள் ஒன்று சந்தைப்படுத்தலையும் ஊடகத் தொடர்பாடலையும் இணைத்துப் பயிற்றும் பட்டப்படிப்பாகும். பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இவ்விரண்டும் ஒரே பட்டத்தின் பெயரில் அருகருகே இடம்பெறுவது வழமையாகிவிட்டது. இலங்கையில் இவை பெரும்பாலும் வெவ்வேறு பீடங்களிற் பயிலப்படுகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டால், சந்தைப்படுத்தல் முகாமைத்துவ பீடத்துக்கும் ஊடகக் கற்கைகள் கலைப்பீடத்துக்கும் உரியனவாக உள்ளன. ஆயினும் பட்டம் பெற்று வெளியேறும் மாணவர் விளம்பர நிறுவனங்களிலும், வானொலி தொலைக்காட்சி நிலையங்களிலும், நிறுவனங்களின் மக்கள்தொடர்புப் பகுதிகளிலும் ஒருவரையொருவர் சந்தித்துக்கொள்கின்றனர். பீடங்கள் பிரித்து வைத்ததைத் தொழிலுலகம் ஒன்றாக்கிவிடுகின்றது.

இக்கற்கைநெறி குறித்துக் கலைப்பீடங்களில் இரு மனோபாவங்கள் நிலவுகின்றன. ஒரு சாரார் இதனை 'வியாபாரப் படிப்பு' என்று ஒதுக்குவர். மறுசாரார் இது தொழில் தரும் படிப்பு என்ற ஒன்றையே காரணங்காட்டி வரவேற்பர். மாதச் சம்பளத்தின் பாதுகாப்பிலிருந்துகொண்டு, வேலை தேடும் மாணவனின் தெரிவை ஏளனஞ் செய்வது எளிது. அது முற்போக்கான நிலைப்பாடாகிவிடாது. அதேவேளையில், தொழில் கிடைக்கின்றது என்பதால் ஓர் அறிவுத்துறையின் அடிப்படைகள் கேள்விக்கு அப்பாற்பட்டனவாகிவிடுவதுமில்லை. இவ்விரு சாராரும் கேளாது விடும் வினா ஒன்றுண்டு. பொருளை விற்பது பற்றிய அறிவும் மக்களிடையே செய்தி பரவுவது பற்றிய அறிவும் ஒரே பட்டத்தினுள் வந்து சேர்ந்தது ஏன்? இக்கட்டுரை அவ்வினாவுக்கு வரலாற்று நோக்கில் விடைகாண முயல்கின்றது.

2

சந்தைப்படுத்தல் என்பது வணிகத்தைப் போலப் பழமையானதன்று. வணிகம் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக நடந்துவருவது. சந்தைப்படுத்தல் ஏகபோக முதலாளித்துவத்தின் உடன்பிறப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கத் தொழிற்சாலைகள், மக்கள் தாமாகவே வாங்கக்கூடிய அளவிலும் மிகுதியாகப் பண்டங்களை உற்பத்திசெய்யத் தொடங்கின. உழைப்பிலிருந்து பெறப்பட்ட உபரிப்பெறுமதி, பண்டம் விற்பனையாகும்வரை பணமாக மாறுவதில்லை. தொழிற்சாலை வாயிலுக்கும் நுகர்வோனின் கைக்கும் இடைப்பட்ட அந்தத் தூரமே மூலதனத்தின் பெருங்கவலையாயிற்று. அக்கவலையே பின்னர் பாடமாக வகுப்பறைக்குள் நுழைந்தது.

1902இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பண்டங்களின் விநியோகம் பற்றிய கற்கை தொடங்கியது. இத்துறையில் எழுந்த முதற் பாடங்களுள் ஒன்றாக அதனைக் கொள்வர். 1908இல் ஹார்வார்ட் வணிகப் பாடசாலை நிறுவப்பட்டது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் 1910ஆம் ஆண்டளவில் இப்பாடத்துக்கு வடிவங்கொடுத்த றால்ஃப் ஸ்டார் பட்லர், சவர்க்கார உற்பத்தியிற் புகழ்பெற்ற புறொக்டர் அன்ட் கேம்பிள் கம்பனியில் விற்பனைத்துறை அநுபவம் பெற்றவர். விற்பனையாளன் கடைக்குச் செல்வதற்கும் விளம்பரம் வெளிவருவதற்கும் முன்னரே திட்டமிடப்படவேண்டிய விடயங்கள் பல உள்ளன என்பதை அவர் அங்குக் கண்டிருந்தார்.

ஆயின் அதே விஸ்கொன்சினில் இத்துறைக்கு வேறொரு மூலமும் இருந்தது. விளைவித்த விவசாயி பெறும் விலைக்கும் நகரத்து நுகர்வோன் கொடுக்கும் விலைக்கும் இடையே ஏன் இத்துணை வேறுபாடு என்ற வினாவை அங்கிருந்த விவசாயப் பொருளியலாளர் எழுப்பினர். இடைத்தரகரின் பங்கு யாது, கூட்டுறவு இயக்கம் அதற்கு மாற்றாகுமா என ஆராய்ந்தனர். சந்தைப்படுத்தற் கல்வி அதன் பிறப்பிலேயே இரு வினாக்களைக் கொண்டிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. 'எவ்வாறு விற்பது?' என்பது ஒன்று. 'இடையில் யார் எடுத்துக்கொள்கின்றனர்?' என்பது மற்றொன்று. முன்னையது பாடத்திட்டம் முழுவதையும் நிறைத்துக்கொள்ள, பின்னையது ஓரத்துக்குத் தள்ளப்பட்டது.

3

தொடர்பாடல் ஆய்வின் வரலாறும் இதனையொத்ததே. அதனை ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கொண்டே விளக்கலாம். போல் லாசர்ஸ்பெல்ட் வியன்னா நகரத்துச் சோஷலிஸ இளைஞர் இயக்கத்தில் வளர்ந்தவர். ஆஸ்திரியாவிலுள்ள மரியந்தால் என்ற கிராமத்தில் நெசவாலை மூடப்பட்டபோது, வேலையிழந்த மக்களின் வாழ்க்கை எவ்வாறு சிதைந்தது என்பதை மரி யஹோடா, ஹான்ஸ் ஸைசல் ஆகியோருடன் சேர்ந்து ஆராய்ந்தார். 1933இல் வெளியான அவ்வாய்வு சமூகவியலின் அரிய சாதனைகளுள் ஒன்று. வேலையின்மை மக்களைப் போராட்டத்துக்கு இட்டுச் செல்லும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, அது அவர்களைச் சோர்விலும் செயலின்மையிலும் ஆழ்த்தியதை அந்நூல் காட்டியது.

இத்தகைய ஆய்வுகளை நடத்திய நிலையம் தனது செலவுக்காகச் சந்தை ஆய்வுகளையும் மேற்கொண்டது. மக்கள் எந்தப் பண்டத்தை ஏன் வாங்குகின்றனர் என்று வணிக நிறுவனங்களுக்கு ஆராய்ந்து கூறியது. சோஷலிஸக் கட்சிக்கு வாக்களிக்கும் முடிவையும் சவர்க்காரம் வாங்கும் முடிவையும் ஒரே முறையியலால் ஆராயலாம் என்ற எண்ணமே தமது சந்தை ஆய்வுகளின் தொடக்கம் என்று லாசர்ஸ்பெல்ட் பிற்காலத்திற் குறிப்பிட்டுள்ளார். 1933இல் அமெரிக்கா சென்ற அவர், ஆஸ்திரியாவில் 1934இல் தொழிலாளர் இயக்கம் நசுக்கப்பட்டபின் அங்கேயே தங்கினார். 1937இல் றொக்பெல்லர் மன்றத்தின் நிதியுதவியுடன் தொடங்கிய பிரின்ஸ்டன் வானொலி ஆய்வுத் திட்டத்தின் பணிப்பாளரானார். அத்திட்டம் பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மாறி, தொடர்பாடல் ஆய்வின் அமெரிக்க மரபுக்கே அடித்தளமாயிற்று.

1938இல் இத்திட்டத்தில் இணைந்த தியடோர் அடோர்ணோ ஈராண்டுகளுக்குள் அதனோடு முரண்பட்டார். கேட்போர் எதனை விரும்பினர், எதனை விரும்பவில்லை என்று அளப்பதோடு ஆய்வு நின்றுவிடுகின்றது. அவ்விருப்பத்தை உருவாக்கிய சமூக உறவுகள் யாவை என்று அது கேட்பதில்லை என்பது அவரது கண்டனத்தின் சாரம். இசைப் பிரிவுக்கான நிதி புதுப்பிக்கப்படவில்லை. 1941இல் எழுதிய கட்டுரையொன்றில் லாசர்ஸ்பெல்ட், நிருவாகநோக்கு ஆய்வு, விமர்சனநோக்கு ஆய்வு என இரண்டினை வேறுபடுத்தி, இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாக வேண்டும் என்றார். ஆயினும் நிதி முதலாவதையே நாடிச் சென்றது. இதனை லாசர்ஸ்பெல்டின் தனிப்பட்ட துரோகமாகக் காண்பது மேலோட்டமான பார்வையாகும். மரியந்தாலின் துயரத்தை அளந்த அதே கருவியே கோப்பியும் சவர்க்காரமும் விற்பதற்கும் பயன்பட்டது. கருவி எவரது கேள்விக்கு விடை தேடுகின்றது என்பதை, அதற்குப் பணம் வழங்குவோரே பெரிதும் தீர்மானித்தனர்.

4

எனினும் இவ்விரு துறைகளும் இணைந்ததற்கான பொருளாதாரக் காரணத்தை மிகத் தெளிவாக எடுத்துரைத்தவர் கனடாவைச் சேர்ந்த டலஸ் ஸ்மைத் ஆவார். மேற்கத்திய மார்க்ஸியர் வெகுசன ஊடகங்களைக் கருத்துநிலையின் சாதனங்களாக மட்டும் நோக்கி, அவற்றின் பொருளாதாரச் செயற்பாட்டைக் காணத் தவறினர் என்று அவர் 1977இல் எழுதினார். ஊடகம் உற்பத்திசெய்து விற்கும் பண்டம் யாது? நிகழ்ச்சியும் செய்தியும் பாடலும் அப்பண்டம் அல்ல. அவை தூண்டிலில் வைத்த இரை போன்றன. கேட்போரும் பார்ப்போருமே பண்டம். விளம்பரதாரரே அதனை வாங்குவோர். இவ்வாறு நோக்கின், ஊடகத் தொடர்பாடல் என்பது மக்களைத் திரட்டும் கலை; சந்தைப்படுத்தல் என்பது திரட்டப்பட்ட மக்களைப் பயன்படுத்தும் கலை. இரண்டும் ஒரே தொழிலின் இரு பகுதிகளாகின்றன.

இக்கருத்துக்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்லவேண்டியதில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நேசநாட்டுப் படையினருக்காகக் கொழும்பில் நிறுவப்பட்ட வலுமிக்க சிற்றலை ஒலிபரப்பி, போரின் பின் இலங்கை வானொலிக்கு உரியதாயிற்று. 1950இல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாடல்களுக்கு இடமில்லாதபடி செய்தமை, இந்திய நேயர்களை இலங்கை வானொலியின் பக்கம் திருப்பியது. சுவிற்சர்லாந்துக் கம்பனியொன்றின் பற்பசையான பினாக்கா, 'பினாக்கா கீத்மாலா' என்ற இந்திப் பாடல் நிகழ்ச்சிக்கு ஆதரவளித்தது. நிகழ்ச்சி பம்பாயில் ஒலிப்பதிவாகிக் கொழும்புக்கு வந்து, சிற்றலையில் மீண்டும் இந்தியா சென்றது. தமிழ்ச் சேவைக்கும் தென்னகத்தில் பெருந்தொகையான நேயர்கள் இருந்தனர்.

இங்கு விற்கப்பட்டது யாது? பாடல் இலவசமாகவே கிடைத்தது. நேயரின் செவியே விலைக்கு விடப்பட்டது. அந்த இலாபத்தின் ஈர்ப்பு எத்தகையதென்பதைப் பின்னர் நடந்தவை காட்டுகின்றன. 1957இல் இந்தியா 'விவித் பாரதி'யைத் தொடங்கியது. 1967இல் அதிலே விளம்பரங்களுக்கும் இடமளித்தது. தூய இரசனையைக் காக்கப் புறப்பட்ட ஓர் அரச நிறுவனம் ஈற்றில் விளம்பரதாரரின் வழிக்கு வந்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. அந்நேயர்கள் வெறும் பண்டங்கள் அல்லர். பற்பசை விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டு பாடலைத் தமதாக்கிக்கொண்டவர்கள் அவர்கள். மக்களின் இசை விருப்பத்தைத் தாழ்ந்ததெனக் கருதிய அமைச்சரின் மேட்டிமைக்கு, வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பியே அவர்கள் மறுமொழி கூறினர். ஊடகம் அனுப்பும் பொருளும் மக்கள் கொள்ளும் பொருளும் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை என்று ஸ்டுவர்ட் ஹோல் 1973இல் வாதிட்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஸ்மைத்தின் பொருளாதாரப் பார்வையும் ஹோலின் பண்பாட்டுப் பார்வையும் ஒன்றையொன்று நிறைவுசெய்வன.

5

1969இல் பிலிப் கொட்லர், சிட்னி லெவி ஆகிய இருவரும் சந்தைப்படுத்தல் என்ற எண்ணக்கருவை விரிவாக்க வேண்டுமென எழுதினர். சவர்க்காரம் விற்கும் கம்பனிக்கு மட்டுமன்றி அரசியல்வாதிக்கும் தேவாலயத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அது பொருந்தும் என்பது அவர்களது வாதம். பல்கலைக்கழகம் பயிற்றிய பாடம், பயிற்றிய பல்கலைக்கழகத்தையே தனது பொருளாக்கிக்கொண்டது.

இதன் பயனை இங்கிலாந்தில் காணலாம். 1998இல் ஆண்டுக்கு 1000 பவுணாக அறவிடத் தொடங்கிய பல்கலைக்கழகக் கட்டணத்தின் உச்சவரம்பு, 2006இல் 3000 பவுணாகவும் 2012இல் 9000 பவுணாகவும் உயர்ந்தது. மாணவன் வாடிக்கையாளனானான். வெகுசனப் பண்பாட்டை விமர்சனநோக்கில் ஆராய்வதற்கென றிச்சர்ட் ஹொகார்ட் 1964இல் தொடக்கி, ஹோல் வளர்த்தெடுத்த பேர்மிங்ஹாம் ஆய்வுநிலையத்தின் மரபில் வந்த துறை 2002இல் மூடப்பட்டது. கேள்வி கேட்கும் கல்வி சுருங்கிய அதே காலத்திலேயே, விற்கக் கற்பிக்கும் கல்வி பெருகியது.

இன்று இணையத் தொழில்நுட்பம் இவ்விணைப்பை முழுமையாக்கியுள்ளது. பேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பனியின் 2023ஆம் ஆண்டு வருமானத்தில் 95 சதவீதத்துக்கு மேற்பட்ட பகுதி விளம்பரத்தினால் வந்தது. 2018இல் அம்பலமான கேம்பிரிட்ஜ் அனலிற்றிக்கா விவகாரத்தில், 8 கோடி 70 இலட்சம் பேர் வரையிலானோரின் பேஸ்புக் விபரங்கள் அரசியல் விளம்பர நிறுவனமொன்றின் கைக்குச் சென்றிருக்கலாம் என அக்கம்பனியே ஒப்புக்கொண்டது. விபரங்களைத் திரட்டிய செயலியை உருவாக்கியவர் ஒரு பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர். வாக்கையும் சவர்க்காரத்தையும் ஒரே முறையால் ஆராயலாம் என்ற வியன்னாவின் எண்ணம் அடைந்த எல்லை இதுவாகும்.

6

எனவே இக்கற்கைநெறி வேண்டுமா வேண்டாமா என்பது பொருத்தமான வினாவன்று. சமூகத்தில் இத்துணை வலுப்பெற்றுள்ள ஒன்றைப் பல்கலைக்கழகம் ஆராயாது விட்டால், அதன் அறிவு முழுவதும் கம்பனிகளின் சொத்தாகிவிடும். எவ்வாறு கற்பிப்பது என்பதே வினா. விளம்பரம் எழுதக் கற்கும் மாணவன் அவ்விளம்பரச் செலவு பண்டத்தின் விலையில் எவ்வாறு சேர்கின்றது என்பதையும் கற்கவேண்டும். நேயர் தொகையை அளக்கப் பயிலும் மாணவி, அத்தொகை எவருக்கு, எதற்காக விற்கப்படுகின்றது என்பதையும் அறியவேண்டும். லாசர்ஸ்பெல்டைப் படிப்போர் அவரது வானொலி ஆய்வோடு மரியந்தாலையும் படிக்கவேண்டும். மரக்கறிச் செய்கையாளனுக்குக் கிடைக்கும் விலைக்கும் கொழும்புச் சந்தை விலைக்கும் இடைப்பட்ட வேறுபாடு, விஸ்கொன்சின் பொருளியலாளர் கைவிட்ட இடத்திலிருந்து எமது மாணவர் தொடரத்தக்க ஆய்வுப்பொருளாகும்.

தமிழ் இலக்கியம் பயில்வோருக்கும் இதில் கடமையுண்டு. ஒரு சொல் எவ்வாறு மனத்தை அசைக்கின்றது, எதனைச் சொல்லாமல் மறைக்கின்றது என்பதை ஆராய்வது எமது துறையின் அடிப்படைப் பயிற்சி. பாட்டுக்கும் புனைகதைக்கும் செலுத்தும் அக்கூர்மையை விளம்பர வாசகத்துக்கும் செலுத்துவதால் இலக்கியக் கல்வி தாழ்ந்துவிடாது. 1945இல் வந்த இலவசக் கல்வியினால் பல்கலைக்கழகத்தை எட்டிய சாதாரண குடும்பங்களின் பிள்ளைகளே நாமும் எமது மாணவரும். பல்கலைக்கழகத்துக்குப் பணம் வழங்குபவர்கள் பொதுமக்கள் என்பதால், அங்கு நடைபெறும் ஆய்வு அவர்களது கேள்விகளுக்கு விடை தேடவேண்டும். மாணவர் தொழில் பெறட்டும். தாம் செய்யும் தொழில் எவர் நலனுக்கு என்று கேட்கும் திறனையும் உடன்கொண்டு செல்லட்டும். அத்திறனை வேறெங்கும் எவரும் அவர்களுக்குக் கற்பிக்கப்போவதில்லை.