தானுந்து ஒலியமைப்பின் புவியிணைப்பு

தானுந்து ஒலியமைப்பின் புவியிணைப்பு என்பது, தானுந்தில் பொருத்தப்பட்ட மிகைப்பி, வானொலிப் பெட்டி முதலிய ஒலிக்கருவிகளுக்குச் சென்ற மின்னோட்டம் மின்கலவடுக்கின் எதிர்முனைக்குத் திரும்புவதற்கான வழியை அமைத்தல் ஆகும். பேச்சு வழக்கில் மின்கலவடுக்கு பேட்டரி என்றும், மிகைப்பி ஆம்ப்ளிஃபயர் அல்லது ஆம்ப் என்றும், புவியிணைப்பு எர்த் அல்லது பாடி எர்த் என்றும் வழங்கப்படுகின்றன. ஒலியமைப்பில் தோன்றும் இரைச்சல், மிகைப்பி அடிக்கடி அணைந்துபோதல், கம்பி சூடாதல் ஆகிய குறைகளுக்குப் பெரும்பாலும் முதலில் சோதிக்க வேண்டிய இடம் இதுவே.

பெயர்

புவியிணைப்பு என்னும் பெயர் இங்கு ஓரளவு பொருத்தமற்றது. வீட்டு மின்னமைப்பில் கம்பி உண்மையாகவே மண்ணில் புதைக்கப்படுகிறது. தானுந்தோ இரப்பர்ச் சக்கரங்களின் மீது நிற்பது. அதற்கும் மண்ணுக்கும் நேரடியான தொடர்பு இல்லை. மின்கலவடுக்கின் ஒரு முனையை ஊர்தியின் இரும்பு உடலுடன் இணைத்து, அவ்வுடலையே பொதுவான திரும்புவழியாகப் பயன்படுத்துவதே இங்குப் புவியிணைப்பு எனப்படுகிறது. இதனால் ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு கம்பிகள் இழுக்க வேண்டிய தேவை இல்லாமற் போகிறது.

இன்றைய ஊர்திகளில் உடலுடன் இணைவது எதிர்முனை ஆகும். மோரிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியத் தானுந்துகளில் நேர்முனையே உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது. மாறுதிசை மின்னாக்கியும் திரிதடையக் கருவிகளும் பரவிய 1960களில் பிரித்தானியத் தானுந்துகள் பெரும்பாலும் எதிர்முனை இணைப்புக்கு மாறின. பழைய தானுந்துகளைப் பேணுவோர் புதிய ஒலிக்கருவியைப் பொருத்துமுன் எம்முனை உடலுடன் இணைந்துள்ளது என்பதைச் சோதித்தல் இன்றியமையாதது. முனை மாறினால் கருவி நொடியில் பழுதாகும்.

மின்தடையின் விளைவு

500 வாட் ஒலித்திறனும் 80 விழுக்காடு செயல்திறனும் கொண்ட ஒரு மிகைப்பி முழுத்திறனில் இயங்க ஏறத்தாழ 625 வாட் மின்திறன் வேண்டும். இயந்திரம் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட் அளவில் இருப்பதால், இதற்குரிய மின்னோட்டம் சுமார் 45 ஆம்பியர் ஆகும். நேர்முனைக் கம்பியில் செல்லும் இம்மின்னோட்டம் முழுவதும் புவியிணைப்பு வழியாகவும் திரும்பியாக வேண்டும். ஆகவே புவிக்கம்பி நேர்முனைக் கம்பியைவிட மெல்லியதாக இருத்தல் கூடாது.

25 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள செப்புக்கம்பியின் 5 மீட்டர் நீளத்தில் இம்மின்னோட்டம் 0.15 வோல்ட் மட்டுமே இழக்கும். இரும்பின் தன்தடை செம்பைவிடப் பல மடங்கு கூடுதலாயினும், உடலின் குறுக்குப்பரப்பு பெரிதாகையால் அதிலும் இழப்பு சிறிதே. இடர் விளைவது தொடுமிடத்தில்தான். வண்ணப்பூச்சின் மேலேயே திருகப்பட்ட, அல்லது துருவேறிய ஓர் இணைப்பின் தடை 0.05 ஓம் எனக் கொள்வோம். 45 ஆம்பியர் பாயும்போது அங்கு 2.25 வோல்ட் இழக்கப்படும். ஏறத்தாழ 100 வாட் வெப்பம் ஒரு திருகாணியின் அடியில் உண்டாகும். இசையின் சராசரி மின்னோட்டம் இதனிற் குறைவு என்பதால் எல்லா வேளையிலும் இவ்வளவு வெப்பம் எழாது. எனினும் தரைவிரிப்புக்கு அடியில் மறைந்திருக்கும் இணைப்பில் இது தீக்குக் காரணமாகலாம்.

இணைக்கும் முறை

மிகைப்பிக்கு அருகில், தடித்த உடற்பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வண்ணப்பூச்சைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பின் மீது வளைய முனையை மறையாணியால் இறுக்க வேண்டும். பல்வளையம் இட்டால் இணைப்பு தளராது. இறுக்கிய பின் மேலே வண்ணமோ மசகோ பூசுவது துருவைத் தடுக்கும். கம்பி 45 சென்டிமீட்டருக்குள் அடங்குவது நன்று. இருக்கை வார்ப்பட்டையின் ஆணியைப் பயன்படுத்தக் கூடாது. அது உயிர்காக்கும் உறுப்பு. துளையிடுமுன் தகட்டின் மறுபுறத்தில் எரிபொருள் தொட்டியோ குழாயோ உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

வேலை தொடங்குமுன் மின்கலவடுக்கின் எதிர்முனை முதலில் கழற்றப்பட்டு, இறுதியில் மாட்டப்படுகிறது. நேர்முனையை முதலில் கழற்றினால், திருகுகோல் உடலைத் தொட்டவுடன் குறுக்குச்சுற்று ஏற்படும். நேர்முனைக் கம்பியில் உருகி, மின்கலவடுக்குக்கு அண்மையில் இருத்தல் வேண்டும். புதிய தானுந்துகள் பலவற்றில் எதிர்முனையிலேயே மின்னோட்ட உணரி உள்ளது. அவற்றில் கூடுதற் கருவிகளின் புவிக்கம்பியை எதிர்முனைக் கம்பத்தில் நேரடியாக மாட்டினால், அம்மின்னோட்டம் உணரியின் கணக்கில் சேராது. ஆகவே உடலில் இணைப்பதே முறை.

இணைப்பைச் சோதிக்கப் பல்மானியின் ஓம் அளவு போதாது. அது ஆயிரத்திலொரு ஓம் அளவிலான தடைகளைக் காட்டாது. இசையை உரக்க ஒலிக்கவிட்டு, மிகைப்பியின் புவிமுனைக்கும் மின்கலவடுக்கின் எதிர்முனைக்கும் இடையிலான மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். அது 0.1 வோல்ட்டுக்கு மிகாதிருப்பின் இணைப்பு நல்லது.

தாள ஒலிக்கேற்ப முகப்பு விளக்கு மங்கினால், மிகைப்பியின் கம்பியை மட்டும் தடிப்பாக்குவதால் பயன் இல்லை. மின்கலவடுக்கிலிருந்து உடலுக்கும், உடலிலிருந்து இயந்திரத்துக்கும் செல்லும் பட்டைகளையும், மின்னாக்கியின் நேர்முனைக் கம்பியையும், மின்னாக்கியின் திறனையும் பார்க்க வேண்டும்.

இரைச்சல்

இயந்திரத்தின் வேகத்துக்கேற்ப ஏறியிறங்கும் கீச்சொலி, மின்னாக்கியின் மின்னோட்டத்திலுள்ள அலைவினால் எழுவது. வானொலிப் பெட்டியும் மிகைப்பியும் வெவ்வேறு மின்னழுத்தமுள்ள இடங்களில் புவியிணைக்கப்பட்டால், சமிக்ஞைக் கம்பியின் உறை வழியாக ஒரு சிறு மின்னோட்டம் சுழல்கிறது; மிகைப்பி அதனையும் இசையெனக் கருதிப் பெருக்குகிறது. இது புவிச்சுழல் எனப்படும். மிகைப்பியின் புவிக்கம்பி முற்றிலும் அறுந்தால் நிலைமை மோசமாகும்: திரும்பும் மின்னோட்டம் மெல்லிய அவ்வுறை வழியே பாய்ந்து வானொலிப் பெட்டியின் உட்சுற்றைக் கருக்கிவிடும்.

சரக்குந்துகள்

கிருட்டிணகிரி, ஓசூர் வழியே செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சரக்குந்துகள் மிகுதி. ஓசூரில் 1980 முதல் அசோக் லேலண்டு தொழிற்சாலை இயங்கி வருகிறது. கனரகச் சரக்குந்துகள் பெரும்பாலும் 24 வோல்ட் அமைப்பு உடையவை. இரண்டு 12 வோல்ட் மின்கலவடுக்குகள் தொடராக இணைந்தவை. 12 வோல்ட் பாட்டுப் பெட்டிக்காக அவற்றில் ஒன்றிலிருந்து மட்டும் மின்னெடுப்பது பரவலான, ஆனால் தவறான பழக்கம். உடலுடன் இணைந்த மின்கலவடுக்கிலிருந்து எடுத்தால் அது தேய்ந்துகொண்டே போகும். மற்றது மிகையாக மின்னேறிக் கெடும். மேலுள்ளதிலிருந்து எடுத்தாலோ, பெட்டியின் உலோகக் கூடு உடலைத் தொட்டவுடன் கீழுள்ள மின்கலவடுக்கு குறுக்குச்சுற்றாகும். 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் மாற்றியைப் பொருத்தி, அதன் எதிர்முனையை உடலில் இணைப்பதே சரியான தீர்வு.

மின்னுந்துகள்

இம்மாவட்டத்தின் போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனம் மின்துள்ளுந்துத் தொழிற்சாலை அமைக்க, 2020 திசம்பரில் தமிழ்நாடு அரசுடன் 2,400 கோடி ரூபாய்க்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2021இல் கட்டுமானம் தொடங்கியது. மின்தானுந்துகளில் ஊர்தியை இயக்கும் உயர் மின்னழுத்த மின்கலவடுக்கின் இரு முனைகளும் உடலிலிருந்து காப்பிடப்பட்டிருக்கும். செம்மஞ்சள் உறையிட்ட அக்கம்பிகளைத் தொடுதல் உயிருக்கு ஆபத்தானது. ஒலியமைப்பு அங்கும் தனியான 12 வோல்ட் மின்கலவடுக்கில்தான் இயங்குகிறது. அதன் எதிர்முனையே உடலுடன் இணைகிறது. அதற்கு மின்னேற்றுவது மின்னாக்கி அன்று, நேர்மின் மாற்றி ஆகும். இதன் மின்னோட்ட வரம்பைக் கடக்கும் மிகைப்பியைப் பொருத்தினால், புவியிணைப்பு எவ்வளவு செம்மையாக இருப்பினும் 12 வோல்ட் மின்கலவடுக்கு வெறுமையாகும்.