அரசன் முகம் இல்லாத காசுகள்

கடையிலே மிச்சக் காசுக்குப் பதிலாக ஒரு டொபியை வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பிய அனுபவம் நம்மிற் பலருக்கு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து தேசமே இத்தகைய சில்லறைத் தட்டுப்பாட்டில் அகப்பட்டிருந்தது.

1775ஆம் ஆண்டுடன் அரச நாணயசாலை செப்புக் காசு அடிப்பதை நிறுத்திவிட்டது. புழக்கத்தில் இருந்தவற்றிற் பெரும்பாலானவை கள்ளக் காசுகள். பெருந்தொகையில் வாணிபம் செய்தவர்களுக்கு இதனால் அதிக நட்டமில்லை. வாரக்கூலியைச் சில்லறையாகப் பெற்று, அன்றாடம் பாண் வாங்கிய தொழிலாளிதான் திண்டாடினான்.

அரசு செய்யாததை முதலாளிகள் செய்தனர். வேல்ஸிலுள்ள அங்கிள்சி தீவின் பாரிஸ் மலைச் செப்புச் சுரங்கக் கம்பனி, 1787இல் சொந்தமாகவே பென்னிகளை வெளியிட்டது. ஒருபுறம் துருயிட் எனப்படும் பண்டைய பூசகரின் தலை. மறுபுறம் கம்பனியின் எழுத்துகள். லண்டனிலோ லிவர்பூலிலோ அங்கிள்சியிலோ கொடுத்து மாற்றலாம் என்ற உறுதிமொழி விளிம்பிலே பொறிக்கப்பட்டது. அதே ஆண்டில் இரும்பு ஆலை அதிபர் ஜோன் வில்கின்சன், அரசனின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் தமது முகத்தையே பதித்துத் தொழிலாளருக்குக் கூலி கொடுத்தார்! கடைக்காரர்களும் நகரங்களும் பின்தொடர்ந்தன. கொடுத்தவர் வாக்குத் தவறினால் அக்காசு வெறுஞ் செம்பு. நட்டம் அதை வைத்திருந்த ஏழைக்கே.

இலக்கிய நெஞ்சங்கள் மறக்கக்கூடாத ஒருவர், லண்டனிற் புத்தகக்கடை நடத்திய தோமஸ் ஸ்பென்ஸ். நிலம் ஊருக்குப் பொதுவாக வேண்டும் என்று எழுதியவர். எட்மண்ட் பேர்க் 1790இல் பொதுமக்களைப் பன்றிக் கூட்டத்துக்கு ஒப்பிட்டபோது, ஸ்பென்ஸ் தமது சஞ்சிகைக்கே ‘பன்றித் தீனி’ என்று பொருள்படப் பெயர் சூட்டினார். 1794இல் விசாரணையின்றி ஏழு மாதங்கள் சிறையிருந்தார். அவர் வெளியிட்ட செப்பு வில்லைகளிலே குத்தகையும் வரியுமாகிய இரு பொதிகளைச் சுமக்கும் கழுதையைக் காணலாம். முடியாட்சியின் சின்னங்களை மிதிக்கும் பன்றியையும் காணலாம். துண்டுப்பிரசுரத்தைக் கிழிக்கலாம், எரிக்கலாம். சில்லறையாகக் கைமாறும் செம்பை என்ன செய்வது?

1797இல் மத்தியூ போல்ட்டன் பேர்மிங்ஹாமுக்கு அருகே நீராவி இயந்திரத்தால் அரசுக்காக நல்ல செப்புக் காசு அடித்தார். ஒரு பென்னியின் நிறை ஓர் அவுன்ஸ். ஆயினும் 1811இல் தட்டுப்பாடு மீண்டும் தலைதூக்கியது. தனியார் காசுகளும் திரும்பி வந்தன. 1817இல் இயற்றப்பட்ட சட்டமே அவற்றுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

ஸ்பென்ஸின் வில்லைகள் இன்று பிரிட்டிஷ் நூதனசாலையில் இருக்கின்றன. நூல் வாங்க வசதியற்றவனின் சட்டைப்பைக்கும் தேடிச் சென்ற எழுத்து அது.