மேகம் தங்கும் காடு: கேமரன் மலைக்குக் காரில் ஒரு பயணம்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் எங்கள் மேரு வட்டாரக் குடும்பங்கள் பலவும் காரில் ஏறிப் போகும் இடம் கேமரன் மலைதான். ஸ்ட்ராபெரி, அவித்த சோளம், தேயிலைத் தோட்டத்தில் நான்கு படங்கள். அதோடு திரும்பிவிடுவோம். இம்முறை அம்மா, மனைவி, பிள்ளைகள் இருவருடன் சென்றபோது, குனோங் பிரிஞ்சாங் உச்சியிலுள்ள பாசிக் காட்டைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம் என்று முடிவு செய்தோம்.

விடியற்காலையில் கிளம்பி, செத்தியா ஆலாம் வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்தோம். தாப்பாவில் இறங்கிப் பசியாறி, பெட்ரோலையும் நிரப்பிக்கொண்டோம். அங்கிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தூரம் குறைவுதான், ஆனால் வளைவுக்கு மேல் வளைவு. வயிறு புரட்டும் பிள்ளைகள் இருந்தால் சிம்பாங் பூலாய் வழி நல்லது. அந்தச் சாலை அகலமானது, வளைவும் குறைவு. தாப்பா வழியில் போனால் லாத்தா இஸ்கண்டார் அருவியில் கால் நனைக்கலாம். செமாய் பூர்வக்குடியினர் சாலையோரத்தில் விற்கும் பெத்தாய் வாங்கலாம்.

1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைப் பதிவு செய்தார். தாப்பா சாலை 1931-இல் முடிந்தது. 1929-இல் ரஸ்ஸல் என்பவர் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம்மவர்கள். இன்று வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம்.

சுங்கை பாலாஸ் தோட்டத்தில் பிள்ளைகள் படம் எடுக்க ஓடினார்கள். காப்பார் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பல ஆண்டுகள் பால்மரம் வெட்டிய அம்மா மட்டும் சரிவையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாங்க வெட்டுனது சமதரைய்யா. இந்தச் சரிவுல கூடையைச் சுமந்துகிட்டு, இந்தக் குளிர்ல எப்படித்தான் நின்னாங்களோ" என்றார். என் மகள் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, பால்மர வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று பாட்டியிடம் கேட்க ஆரம்பித்தாள்.

உச்சிக்குப் போகும் பாதை ஒடுக்கமானது, செங்குத்தானது. காரை நிறுத்திவிட்டு உள்ளூர் ஓட்டுநரின் ஜீப்பில் ஏறினோம். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் போனதும் மரங்கள் குட்டையாகி, கிளைகள் முறுக்கிக்கொண்டு, தலை முதல் வேர் வரை பாசி போர்த்தி நின்றன. குடுவைச் செடிகளும் காட்டு ஆர்க்கிடுகளும் இங்குண்டு. மழை பெய்யாவிட்டாலும் இந்தக் காடு நனைந்தே இருக்கும். கடந்து போகும் மேகத்தின் நீர்த்துளிகளைப் பாசி பிடித்துக்கொள்கிறது. பஞ்சுபோலத் தேக்கி, சொட்டுச் சொட்டாக ஓடைகளுக்கு விடுகிறது. அதனால்தான் நடைபாதையை விட்டு இறங்காதீர்கள் என்கிறார்கள். ஒருவர் மிதித்த பாசி மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

இந்தப் பஞ்சு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கீழே பார்க்கலாம். காடு அழிக்கப்பட்ட சரிவுகளில் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். அங்கிருந்து கரையும் மண் ஆற்றில் இறங்கி, ரிங்லெட்டிலுள்ள சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கத்தில் சேறாகப் படிகிறது. சேறு சேரச் சேர அணை தாங்கும் நீர் குறைகிறது. 2013 அக்டோபர் 23 அதிகாலை கனமழையில் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று நாம் பை நிறைய வாங்கி வரும் காய்கறிக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

புறப்படுவோருக்குச் சில குறிப்புகள்:

பாசிக் காட்டின் நடைபாதை சில வேளைகளில் மூடப்படும். அனுமதி, நேரம், கட்டணம் ஆகியவற்றை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மேகம் சூழும் முன், காலையிலேயே போய்விடுவது நல்லது. குளிராடை, மழையங்கி, வழுக்காத காலணி அவசியம்.

மலை இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வராதீர்கள். அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். தானியங்கி கியர் காராக இருந்தாலும் தாழ்ந்த கியருக்கு மாற்றி, எஞ்சினே வேகத்தைக் குறைக்கும்படி ஓட்டுங்கள். நாங்கள் இறங்கும்போது ஒரு கார் சக்கரத்தில் புகை கிளம்ப ஓரமாக நின்றிருந்தது. குடும்பமே வெளியே நின்று பதறிக்கொண்டிருந்தது. அப்படி நேர்ந்தால் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாமல், தானாக ஆறும்வரை காத்திருங்கள்.

கனமழை பெய்த மறுநாள் மண்சரிவு ஏற்படக்கூடும். சாலை நிலவரம் பார்த்துக் கிளம்புங்கள். இருட்டுவதற்குள் அடிவாரம் வந்துவிடுங்கள். தோட்டப்புறத்தில் உழைத்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், முன் இருக்கையை அவர்களுக்குக் கொடுங்கள். வளைவுகளில் தலை சுற்றாது; வழியெல்லாம் பேசிக்கொண்டும் வருவார்கள்.