முகமறியாதவர்க்கு ஒரு மடல்



அறிமுகம் இல்லாத ஒருவர் வீட்டு வாயிலில் நின்று ஓர் உதவி கேட்க நேர்ந்தால் நாம் எப்படி நடந்துகொள்வோம்? செருப்பை வெளியில் விடுவோம். இன்னார் என்று சொல்வோம். வந்த காரியத்தைச் சுருங்கக் கூறுவோம். மறுத்தாலும் முகம் வாடாமல் திரும்புவோம். இந்த நான்கும் தெரிந்தவர்க்கு மின்னஞ்சல் எழுதுவதில் மேற்கொண்டு கற்க வேண்டியது மிகுதியாக இல்லை. ஆயினும் கணிப்பொறியின் முன் அமர்ந்ததும் இந்த நான்கையும் நாம் மறந்துவிடுகிறோம். அவ்வாறு மறந்ததால் விளைந்த ஒரு துன்பத்தைச் சொல்லி இப்பேச்சைத் தொடங்குகிறேன்.

என்னிடம் பயின்ற மாணவர் சிலர், எங்கள் ஊர் ஏரிக்கு வரும் பறவைகளைக் கணக்கெடுத்து ஒரு வலைத்தளம் அமைத்தார்கள். நல்ல முயற்சிதான், ஆனால் வந்து பார்ப்பார் இல்லை. பிற தளத்தார் நம் தளத்துக்கு இணைப்புக் கொடுத்தால், அவர்கள் தளத்துக்கு நாமும் இணைப்புக் கொடுக்கலாம் என்று எண்ணி, ஒரே மடலை 120 முகவரிகளுக்கு ஒரே மாலையில் அனுப்பினார்கள். அவர்களுள் ஒரு பெண் தன் சொந்த முகவரியிலிருந்தே அனைத்தையும் அனுப்பினாள். "அரிய வாய்ப்பு! முற்றிலும் இலவசம்! உடனே பதில் எழுதுக!" என்று தொடங்கிற்று அம்மடல். அனுப்புமுன் அதை என்னிடம் காட்டினாள். நான் ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தேன். இதில் என் குற்றமும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

நூற்றிருபது பேரில் ஒருவரும் விடை எழுதவில்லை. சில நாள் சென்று, மேற்படிப்புத் தொடர்பாக அதே பெண் ஒரு பேராசிரியருக்கு எழுதிய மடலுக்கும் விடை வரவில்லை. கடைசி நாள் கடந்தபின் தொலைபேசியில் கேட்டபோது, அம்மடல் வேண்டாத அஞ்சற்பெட்டியில் கிடந்தது தெரிய வந்தது. அவளுக்கு ஓராண்டு வீணாயிற்று. ஒரு முகவரியின் கடந்தகால நடத்தையை அஞ்சல் சேவைகள் நினைவில் வைத்திருக்கின்றன என்பதை நாங்கள் அதன் பின்னரே அறிந்துகொண்டோம்.

வேண்டாத அஞ்சலை 'ஸ்பேம்' என்கிறோம். அது 1937-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒரு தகரப்பெட்டி இறைச்சியின் பெயர். 1970-இல் 'மான்ட்டி பைத்தான்' என்னும் ஆங்கிலேய நகைச்சுவைக் குழுவினர் நடித்த ஒரு காட்சியில், உணவு விடுதியில் எதைக் கேட்டாலும் அந்த இறைச்சியே வரும். அப்பெயரே பிற பேச்செல்லாவற்றையும் அமுக்கிவிடும். வேண்டாத மடல்கள் வேண்டிய மடல்களை அமுக்குவதும் அவ்வாறே என்பதால் அப்பெயர் நிலைத்தது. பெயர் வருமுன்பே செயல் வந்துவிட்டது. 1978 மே மாதத்தில், கேரி துர்க் என்னும் அமெரிக்க விற்பனை அலுவலர், தம் நிறுவனத்தின் கணிப்பொறிகளைப் பற்றிய விளம்பரத்தை 'அர்ப்பாநெட்' வலைப்பின்னலில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒருசேர அனுப்பினார். இவ்வகை அஞ்சலின் தொடக்கமாக அதனையே குறிப்பிடுவர்.

இனி, நல்ல மடலையும் தீய மடலையும் பிரிக்கும் சல்லடை எவ்வாறு இயங்குகிறது என்று காண்போம். அது மூன்று கேள்விகளைக் கேட்கிறது.

முதற்கேள்வி: அனுப்பியவர் உண்மையில் அவர்தாமா? ஒரு தளத்தின் பெயரால் அஞ்சல் அனுப்ப உரிமை பெற்ற கணிப்பொறிகள் எவை என்று அத்தளத்தார் ஒரு பட்டியலை வெளியிட்டு வைப்பர். இதன் பெயர் எஸ்.பி.எஃப். மடல் இடையில் மாற்றப்படவில்லை என்பதற்கு முத்திரை போன்றதொரு மின் கையொப்பம் உண்டு. அது டி.கே.ஐ.எம். இவ்விரண்டும் பொருந்தாவிடில் மடலை என்ன செய்வது என்று அறிவிக்கும் விதி டி.எம்.ஏ.ஆர்.சி. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் மடல் அனுப்புவோர் இம்மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதித்தது. சொந்தத் தளப்பெயரில் அஞ்சல் அனுப்பும் சிறியோரும் இவற்றை அமைத்துக்கொள்வது நன்று.

இரண்டாம் கேள்வி: இவர் இதற்குமுன் எப்படி நடந்துகொண்டார்? மடலைப் பெற்றவர்கள் 'இது ஸ்பேம்' என்று பொத்தானை அழுத்தினால் அது கணக்கில் ஏறுகிறது. மேற்கூறிய கூகுள் விதி, அவ்வாறான முறையீடு 0.3 விழுக்காட்டை எட்டலாகாது என்கிறது. ஆயிரம் பேருக்கு மூவர்! நூற்றிருபது பேருக்கு எழுதினால் ஒருவர் சினந்தாலே அந்த அளவைத் தாண்டிவிடும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

மூன்றாம் கேள்வி: மடலில் உள்ள சொற்கள் எத்தகையவை? இங்கே 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பாதிரியார் ஒருவர் துணைக்கு வருகிறார். தாமஸ் பேய்ஸ் என்பாரின் நிகழ்தகவு பற்றிய கட்டுரை, அவர் மறைந்தபின் 1763-இல் வெளியாயிற்று. அவ்வழியில் வேண்டாத அஞ்சலைப் பிரிக்கும் முறையை, 2002-இல் பால் கிரஹாம் என்பவர் எழுதிய ஒரு கட்டுரை பலரும் அறியச் செய்தது. ஒரு கற்பனைக் கணக்கால் இதனை விளக்குகிறேன்.

வேண்டாத மடல்கள் 1,000, நல்ல மடல்கள் 1,000 நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். 'இலவசம்' என்னும் சொல் முன்னவற்றுள் 400-இலும், பின்னவற்றுள் 20-இலும் வருகிறது. புதிய மடலொன்றில் அச்சொல் இருந்தால், அது வேண்டாததாக இருக்கும் வாய்ப்பு 420-இல் 400. அதாவது ஏறத்தாழ 95 விழுக்காடு. 'ஏரி' என்னும் சொல்லோ முன்னவற்றுள் 3-இலும், பின்னவற்றுள் 60-இலும் வருகிறது. ஒரே மடலில் இரு சொற்களும் இருந்தால்? 400-ஐ 3-ஆல் பெருக்கினால் 1,200. 20-ஐ 60-ஆல் பெருக்கினாலும் 1,200. இருபுறமும் சமம், வாய்ப்பு 50 விழுக்காடு. 'ஏரி' என்ற ஒரு நல்ல சொல் மடலை அவ்வளவு தூரம் மீட்டுவிட்டது. இதில் ஒரு படிப்பினை இருக்கிறது. தீய சொற்களை விலக்குவது மட்டும் போதாது; நம் பொருளுக்கே உரிய, வேறொருவர் எழுத முடியாத சொற்கள் மடலில் இருக்க வேண்டும்.

சிலர், 'இலவசம்' என்ற சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து எழுதியும், படமாக ஒட்டியும் சல்லடையை ஏமாற்றலாம் என்பார்கள். அந்தத் தந்திரங்களையும் சல்லடை கற்றுக்கொள்கிறது. ஒளிந்து நுழைபவனுக்கு நாளடைவில் எல்லாக் கதவும் அடைபடும்.

இணைப்புக் கேட்பதன் நியாயத்தையும் சற்றே எண்ண வேண்டும். 1998-இல் லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இருவர் தோற்றுவித்த கூகுள், ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்பை அதன் தகுதிக்கான சான்றாகக் கொண்டது. சான்றுக்கு விலை உண்டானதும் பொய்ச்சான்றும் பெருகிற்று. 'நீ எனக்குக் கொடு, நான் உனக்குக் கொடுக்கிறேன்' என்னும் மிகையான பரிமாற்றத்தைக் கூகுள் தன் விதிகளில் முறைகேடாகக் குறித்திருக்கிறது. 2012 ஏப்ரலில் 'பெங்குவின்' என்ற திருத்தத்தின் வாயிலாக, செயற்கையாக இணைப்புச் சேர்த்த தளங்களைப் பின்னுக்குத் தள்ளியது. ஆகவே, படிப்பவர்க்குப் பயன்படும் இடத்தில் மட்டுமே இணைப்புக் கேட்பது அறம். அதுவே அறிவுடைமையும் ஆகும்.

பின்னர் அப்பெண்ணும் நானும் அமர்ந்து புதிதாக ஒரு மடல் எழுதினோம். பொருள் வரியில், "நத்தைக்குத்தி நாரை பற்றிய தங்கள் பக்கம் குறித்து" என்று எழுதினோம். மடல் இது:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். வேடந்தாங்கலில் நத்தைக்குத்தி நாரைகள் கூடு கட்டுவதைப் பற்றித் தாங்கள் எழுதிய பக்கத்தைப் படித்தேன். கூட்டுக்குக் குச்சி சேர்க்கும் முறையை அங்குதான் தெளிவாக அறிந்தேன். அப்பக்கத்தின் இறுதியில் உள்ள ஓர் இணைப்பு இப்போது திறக்கவில்லை. தங்கள் கவனத்துக்காகத் தெரிவிக்கிறேன். எங்கள் ஊர் ஏரியில் அதே பறவையை மூன்று ஆண்டுகள் எண்ணி ஓர் அட்டவணை வெளியிட்டிருக்கிறோம். தங்கள் வாசகர்க்குப் பயன்படும் என்று கருதினால் அதனைக் குறிப்பிடலாம். தங்கள் பக்கத்தை எங்கள் தளத்தில் முன்னரே குறிப்பிட்டுவிட்டோம். அதற்குக் கைம்மாறு வேண்டுவதில்லை. இயலாதாயின் வருந்தமாட்டோம்."

கீழே தன் முழுப்பெயரையும் ஊரையும் எழுதி, தங்கள் தளத்தின் முகவரி ஒன்றை மட்டும் சேர்த்தாள். உடன் கோப்பு எதையும் ஒட்டவில்லை; முகவரியைச் சுருக்கி மறைக்கவுமில்லை. பெற்றவர் பெயர் அறிந்த இடத்தில் பெயரிட்டே விளித்தாள். ஒவ்வொரு மடலையும் அவரவர் பக்கத்தைப் படித்தபின் தனித்தனியே எழுதினாள். நாளொன்றுக்கு இரண்டுக்கு மேல் எழுதவில்லை. இரண்டு வாரம் விடை இல்லையேல் ஒருமுறை பணிவாக நினைவூட்டினாள், அதன்பின் விட்டுவிட்டாள். இம்முறை அவள் எழுதியவை பதினொன்று. விடை வந்தவை நான்கு. இணைப்புக் கிடைத்தவை இரண்டு. ஒருவர் அட்டவணையில் இருந்த ஒரு கூட்டல் பிழையையும் சுட்டிக்காட்டினார். எனக்கு அதுவே பெரும்பேறாகத் தோன்றிற்று.

மாணவர்களே, மடலை அனுப்புமுன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: 'இதே மடலை, ஒரு சொல்லும் மாற்றாமல் வேறொருவருக்கும் அனுப்ப முடியுமா?' முடியும் என்றால் அது இன்னும் மடல் ஆகவில்லை, துண்டு விளம்பரம்தான். முடியாது என்றால் தயங்காமல் அனுப்புங்கள். சல்லடை உமியைப் பிரிப்பதற்கு ஏற்பட்டது. நெல்மணி அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

அந்தப் பெண் மறு ஆண்டு மீண்டும் விண்ணப்பித்தாள். இம்முறை மடலை அனுப்பிவிட்டு மறுநாளே, "ஐயா, என் மடல் கிடைத்ததா?" என்று தொலைபேசியிலும் கேட்டுக்கொண்டாள். வாயிலில் நின்று குரல் கொடுக்கும் பழக்கம் எக்காலத்தும் நல்லதே.