மழலையரின் முதல் வானம்

பெருநகரத்து இரவு வானில் இன்று விண்மீன்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தெருவிளக்குகளும் அடுக்குமாடிகளின் ஒளியும் மற்றவற்றை மறைத்துவிடுகின்றன. எனவே, பெங்களூருவில் வளரும் நான்கு வயதுக் குழந்தை நிறைந்த விண்மீன் வானத்தை முதன்முதலில் ஒரு கூரையின் கீழ் காண நேர்வதில் வியப்பில்லை. சௌடையா சாலையிலுள்ள ஜவகர்லால் நேரு கோளரங்கம் அதற்கான இடம்.

மாநகராட்சி 1989இல் நிறுவிய இக்கோளரங்கத்தை 1992 முதல் பெங்களூரு அறிவியல் கல்விச் சங்கம் நடத்தி வருகிறது. 15 மீட்டர் விட்டமுள்ள அரைக்கோளக் கூரையே இங்குத் திரையாகும். ஒளிக்கருவியால் கூரையில் விண்மீன்களைத் தோற்றுவிக்கும் இம்முறையை ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனம் 1923இல் மியூனிக் நகரில் முதன்முதலாகக் காட்டியது. ஓர் இரவு முழுதும் நிகழும் வானத்தின் நகர்வைச் சில நிமிடங்களில் காட்டிவிடுவதே இதன் சிறப்பு. கோள்களின் பெயர்களும் தொலைவுகளும் மழலையர் மனத்தில் நில்லாமல் போகலாம். ஆனால், கதிரவன் மறைந்த பின் விண்மீன்கள் ஒருசேர நகர்வதை அவர்களால் கவனிக்க இயலும். அறிவியல் கவனித்தலில்தான் தொடங்குகிறது.

எனினும் இதில் பெற்றோர் அறிய வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ஸ்டெல்லா வோஸ்னியாடோ, வில்லியம் புருவர் என்னும் ஆய்வாளர்கள் பூமியின் வடிவம் பற்றித் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் வினவி, 1992இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். பூமி உருண்டை என்று விடை கூறிய குழந்தைகளுள் சிலர், அதை உள்ளீடற்ற பந்தாகவும், அதனுள்ளே தட்டையான தரையில் நாம் வாழ்வதாகவும் எண்ணியிருந்தனர். வானம் அவர்களுக்குக் கவிந்த கூரை! கோளரங்கின் வளைந்த கூரையும் அதே எண்ணத்தைத் தரக்கூடும் அல்லவா? ஆகவே, கோளரங்கக் காட்சி பாதிப் பாடமே. மறுபாதி நம் வீட்டு மொட்டைமாடியில் இருக்கிறது.

செல்வதற்கு முன், காட்சி நேரத்தையும் குழந்தைகளுக்கான வயது விதியையும் கேட்டறிவது நன்று. வீட்டில் விளக்கணைத்துச் சற்று நேரம் கதை பேசினால் இருளச்சம் குறையும். அரங்கில் வாயிலுக்கு அருகில் அமர்ந்தால், அழும் குழந்தையை எளிதில் வெளியே அழைத்து வரலாம்.

திரும்பியபின் "என்ன கற்றாய்?" என்பதைவிட "எது நகர்ந்தது?" என்று கேட்போம், கண்டதை வரையச் சொல்வோம். காட்சிகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் நடைபெறுவதால், தமிழ்ச் சொற்களைத் தருவது நம் பொறுப்பு. சனவரி, பிப்ரவரி மாத முன்னிரவுகளில் உச்சிவானுக்கு அருகே சிறு கொத்தாகத் தெரிவது கார்த்திகை. செந்நிறமாக ஒளிர்வது திருவாதிரை. பாட்டியின் வாயில் பிறந்தநாள் நட்சத்திரமாகக் கேட்ட பெயர், கண்ணெதிரே ஒளியாக நிற்கும்.

அமாவாசைக்குப் பின் ஒரு வாரம், மாலைதோறும் ஒரே நேரத்தில் நிலவைப் பார்க்கச் செய்யலாம். அது நாளுக்கு நாள் பெருத்து, கிழக்கே விலகி நிற்கும். "நாளை எங்கே இருக்கும்?" என்று கேளுங்கள். குழந்தை ஓரிடத்தைச் சுட்டட்டும். சரியா என்பதை மறுநாள் மாலை நிலவே கூறும்.